தோட்டம் வழியா சூழல் கல்வி: ஆசிரியர்களுக்கு டிரெய்னிங் எப்படிக் குடுக்கறது?

கேள்வி இதுதான்: ஸ்கூல் ஆசிரியர்கள் செடி, தோட்டம் இதையெல்லாம் வச்சு சுற்றுச்சூழல் பாடம் நடத்தணும்னா அவங்களுக்கு எப்படி டிரெய்னிங் குடுக்கணும், ஒரு நாள் ஒர்க்‌ஷாப் பத்துமா, தோட்டக்கலை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வந்து சொல்லிக்குடுத்தா போதாதா. ஒரு நாள் பத்தாது, தோட்டக்கலை ஆள் மட்டும் வந்தாலும் போதாது. ஏன்னு கொஞ்சம் நீட்டியே சொல்றேன், இந்த மாதிரி டிரெய்னிங் நிறைய நடத்தியிருக்கேன், அதுல ஆரம்பத்துல நடத்துனதெல்லாம் சுத்த சொதப்பல்.

முதல் கிளாஸ்ல நான் செடியே கொண்டு போறதில்ல. ஒரு விறகுக்கட்டை கொண்டு போவேன். நாலஞ்சு கிலோ தேறும். டேபிள் மேல டொம்முனு வச்சிட்டு, இந்த மரம் முளைச்ச விதை ஒரு கிராம்கூட இருந்திருக்காது, மீதி எடையெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பேன். பாதிப் பேருக்கு மேல "மண்ணுலேருந்து"ம்பாங்க. கொஞ்சம் பேர் தண்ணி, ஒண்ணு ரெண்டு பேர் சூரிய ஒளி. காத்துன்னு சொல்றவங்க ரொம்பக் கம்மி, அதுலயும் சொல்லிட்டு உடனே "இல்ல இல்ல"ன்னு பின்வாங்கறவங்க உண்டு. இத்தனைக்கும் அங்க உக்காந்திருக்கிற சயின்ஸ் டீச்சருங்க ஒளிச்சேர்க்கை சமன்பாட்டைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாங்க. கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும் சேர்ந்து சர்க்கரை ஆகுது, சரி. அந்த சர்க்கரைதான் உருமாறி இப்ப கண்ணு முன்னாடி கட்டையா கெடக்குங்கறது மட்டும் மண்டையில இணையல. நல்லாக் காய்ஞ்ச கட்டையோட எடையில கிட்டத்தட்ட பாதி கார்பன், அது காத்துலேருந்து இலை வழியா உள்ள போனது.

இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. 17ஆம் நூற்றாண்டுல வான் ஹெல்மான்ட்னு ஒருத்தர் 200 பவுண்டு காய்ஞ்ச மண்ணைத் தொட்டியில கொட்டி, அதுல 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்னை நட்டு, அஞ்சு வருஷம் வெறும் தண்ணி மட்டும் ஊத்தி வளத்தார். மரம் 169 பவுண்டுக்கு வந்துச்சு. மண்ணை மறுபடி காய வச்சு நிறுத்துப் பாத்தா குறைஞ்சது 2 அவுன்ஸ் போல, அதாவது 60 கிராம்கூட இல்ல. மண்ணு மரமாகலன்னு அழகா காட்டிட்டு, அப்போ தண்ணிதான் மரமாச்சுன்னு முடிவு கட்டிட்டார். வேடிக்கை என்னன்னா 'கேஸ்'ங்கற வார்த்தையையே உண்டாக்கினவர் அவர்தான், கரி எரியும்போது வர்ற வாயுவைப் பத்தி எழுதினவரும் அவர்தான், அதே வாயுதான் தன் தொட்டியில மரமா நிக்குதுன்னு அவருக்குத் தோணல. இந்தக் கதையைச் சொன்னதும் ரூம்ல எல்லாரும் கொஞ்சம் மூச்சு விடுவாங்க. அப்பதான் டிரெய்னிங் உண்மையில ஆரம்பிக்குது.

ஏன் இப்படி ஆரம்பிக்கறேன்னா, தோட்டத்துக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போறதுல டீச்சருங்களுக்கு இருக்கிற பெரிய பயம் வெயிலோ மழையோ சிலபஸோ இல்ல, பசங்க எதையாவது கேட்டு பதில் தெரியாம முழிக்க வேண்டி வருமேங்கற பயம். கிளாஸ்ரூம்ல புத்தகம் இருக்கு, என்ன கேள்வி வரும்னு தெரியும். வெளிய போனா ஒரு பையன் "இலைக்கு அடியில வெள்ளையா நுரை மாதிரி இருக்கே என்னது"ன்னு கேப்பான். தெரியாது. அந்த இடத்துல "அதெல்லாம் சிலபஸ்ல இல்ல, வா"ன்னு இழுத்துட்டு வர்றாங்களா, இல்ல "எனக்கும் தெரியல, நாளைக்கும் இருக்கான்னு வந்து பாப்போம்"னு சொல்றாங்களா, அவ்வளவுதான் மேட்டர். இந்த ரெண்டாவது பதிலை வாய் கூசாம சொல்ல வைக்கறதுதான் மொத்த டிரெய்னிங்கும், செடி நடறது உரம் போடறதெல்லாம் அதுக்கு ஒரு சாக்கு.

அடுத்து ஒரு பேப்பரும் பென்சிலும் குடுத்து இலை ஒண்ணு வரையச் சொல்லுவேன். எல்லாரும் ஒரே இலையைத்தான் வரைவாங்க, நடுவுல ஒரு நரம்பு, ரெண்டு பக்கமும் சாய்வா நாலு நாலு கோடு, நுனி கூரா. அந்த இலை எந்தச் செடியிலயும் கிடையாது, டெக்ஸ்ட்புக் செடியில மட்டும்தான் காய்க்கும். அப்புறம் வெளிய போய் ஆளுக்கு ஒரு இலை, பறிக்காம, செடியிலயே வச்சுப் பாத்து பத்து நிமிஷம் வரைங்கன்னு அனுப்புவேன். முதல் ரெண்டு நிமிஷம் பேசிட்டு இருப்பாங்க, நாலாவது நிமிஷம் அமைதி ஆயிடும். திரும்பி வர்றப்ப ஓரத்துல பூச்சி தின்ன ஓட்டை, ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சின்னதா இருக்கிறது, அடிப்பக்கம் வேற பச்சை, காம்புல ரோமம், எல்லாம் பேப்பர்ல இருக்கும். ஒரு மேடம், இருபத்தஞ்சு வருஷம் பாடம் எடுத்தவங்க, "இந்தச் செடியைத் தாண்டித்தான் தினம் ஸ்டாஃப் ரூம் போறேன், இதுல பூ இருக்குன்னே இப்பதான் பாக்கறேன்"னாங்க. இதுக்கு ஒரு பேரே வச்சிருக்காங்க, 1990கள் கடைசியில வாண்டர்ஸீ, ஷஸ்லர்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 'தாவரக் குருட்டுத்தன்மை'ன்னு சொன்னாங்க. காட்டோட போட்டோ காமிச்சு என்ன இருக்குன்னு கேட்டா யானைன்னு சொல்லுவோம், யானையைச் சுத்தி இருக்கிற நூறு மரம் பேக்கிரவுண்ட் ஆயிடும், அதான் அது. அந்தச் சொல் பார்வை இல்லாதவங்களைக் குறைச்சுப் பேசற மாதிரி இருக்குன்னு இப்ப சிலர் வேற சொல் புழங்கறாங்க, அதுவும் நியாயம்தான்.

சரி, ஒரு நாள் ஏன் பத்தாதுன்னு வர்றேன். விதை ஒரு நாள்ல முளைக்காது, அவ்வளவுதான் காரணம். ஒரே நாள்ல நடத்தணும்னா ஏற்கனவே முளைச்ச கன்னைக் கொண்டு வந்து நட வைக்கணும், அதாவது சுவாரஸ்யமான பகுதி முழுக்க யாரோ நர்சரிக்காரர் பாத்துட்டார், டீச்சருக்கு மிஞ்சினது போட்டோ. நான் பண்றது என்னன்னா முதல்ல ஒரு முழு நாள், அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு மணி நேரம், இப்படி ஒரு பத்து வாரம். முதல் நாளே ஆளுக்குப் பத்து விதை குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவேன். பச்சைப்பயறு அஞ்சு, கொண்டைக்கடலை அஞ்சு. கண்ணாடி டம்ளர்ல ஈர டிஷ்யூ பேப்பரைச் சுத்தி, கண்ணாடிக்கும் பேப்பருக்கும் நடுவுல விதையைச் சொருகி வைக்கணும், வேணும்னே ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசையில. எப்படி வச்சாலும் வேர் வளைஞ்சு கீழதான் போகும். ரெண்டு நாள் கழிச்சு டம்ளரை அப்படியே படுக்கப் போட்டா வேர் நுனி மறுபடி திரும்பும். பயறுல விதை ரெண்டா பிளந்து தண்டோட மேல வந்துரும், கடலையில அது கீழயே தங்கிரும். இதை போர்டுல படமா போட்டு எத்தனையோ வருஷம் நடத்தினவங்க, அடுத்த கிளாஸுக்கு போன்ல முப்பது போட்டோ எடுத்துட்டு வர்றாங்க.

பாதிப் பேருக்கு அழுகிப் போயிரும், தண்ணி ஜாஸ்தி ஊத்தி. அதைத்தான் எதிர்பாத்துட்டு இருப்பேன். வராத விதையைத் தூக்கிப் போட விடமாட்டேன், கொண்டு வரச் சொல்லி எல்லார் டம்ளரையும் வரிசையா வச்சுப் பேசுவோம். யாரோடது அழுகுச்சு, யாரோடது காய்ஞ்சுச்சு, எத்தனைல எத்தனை முளைச்சுது, ஜன்னல் பக்கம் வச்சதுக்கும் அலமாரிக்குள்ள வச்சதுக்கும் என்ன வித்தியாசம். அலமாரியில வச்சது வெளுத்துப் போய் நீளமா, தடியில்லாம வளந்திருக்கும், அதைப் பாத்துட்டு "இருட்டுல நல்லா வளருதே, இதுதான் உசரமா இருக்கு"ன்னு ஒருத்தர் கட்டாயம் சொல்லுவார். அருமையான வாக்குவாதம் அது. உசரம்தான் வளர்ச்சியா? எப்படி அளக்கறது? ஒரு டம்ளரை மட்டும் வச்சு முடிவு பண்ணலாமா? கணக்கு டீச்சர் உள்ள வர்ற இடமும் இதுதான், சராசரி போடணும், கிராஃப் போடணும், அதுக்குத் தனியா பாடத்திட்டம் எழுத வேண்டியதில்ல.

இதுக்கப்புறம்தான் மண்ணுக்குப் போறோம். ஒரு பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண், மீதி தண்ணி, நல்லாக் குலுக்கி வச்சா மணல் ஒரு நிமிஷத்துல அடியில உக்காரும், வண்டல் சில மணி நேரம், களி ஒரு நாள் ஆனாலும் தண்ணியைக் கலங்கலாவே வச்சிருக்கும். அப்புறம் ஒரு குழி வெட்டி பழத்தோல், பருத்தித்துணி, நியூஸ்பேப்பர், பிஸ்கட் கவர் நாலையும் புதைச்சு, எது எதுன்னு குச்சி நட்டு, டிரெய்னிங் கடைசி கிளாஸ்ல தோண்டிப் பாப்போம். பிளாஸ்டிக் மக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், கட்டுரைப் போட்டியில எழுதியிருப்பாங்க. ஆனா பழத்தோல் இருந்த இடமே தெரியாம போயிருக்க, பருத்தித்துணி கைபட்டா இழை இழையா பிரிய, பக்கத்துல அந்தக் கவர்ல எக்ஸ்பைரி டேட் பளிச்சுனு படிக்க முடியறப்ப வர்ற அமைதி கட்டுரையில வராது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு, காராமணியோ நிலக்கடலையோ நல்லா வளந்த செடியை மண்ணோட தோண்டி எடுத்து வேரைத் தண்ணியில அலசிப் பாக்கறது. வேர்ல சின்னச் சின்ன முண்டு இருக்கும். முதல் தடவை பாக்கறவங்க நோய்னுதான் நினைப்பாங்க. ஒண்ணை நகத்தால கிள்ளிப் பாக்கச் சொல்லுங்க. உள்ள ரோஸ் கலர்ல இருந்தா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம், அதுக்குள்ள இருக்கிற பாக்டீரியா காத்துலேருந்து நைட்ரஜனைப் பிடிச்சு செடிக்குக் குடுக்குது, பதிலுக்கு செடி சர்க்கரை குடுக்குது. அந்த ரோஸ் கலர் லெக்ஹீமோகுளோபின், நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரன். செடிக்குள்ள ரத்தம் மாதிரி ஒண்ணான்னு பெரியவங்களே வாயைப் பொளப்பாங்க, பசங்களைப் பத்திக் கேக்கவே வேணாம்.

ஆனா சூழல் கல்விங்கறது தாவரவியல் மட்டும் இல்லையே. அங்கதான் புழு வருது. ஒரு ஸ்கூல்ல தொட்டியில எலுமிச்சைக் கன்னு வச்சிருந்தாங்க, இலையில பறவை எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமா என்னமோ ஒட்டியிருந்துச்சு. தொட்டா நகருது, தலைக்குப் பின்னாடியிலேருந்து ஆரஞ்சு கலர்ல கொம்பு மாதிரி நீட்டி நாத்தம் வேற அடிக்குது. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியோட புழு அது, கொஞ்ச நாள்ல பச்சையா மாறிடும். கன்னை நட்ட டீச்சருக்கு ஒரே கோவம், மருந்து அடிக்கணும்னார். அதே ஸ்கூல்ல 'பட்டாம்பூச்சித் தோட்டம் அமைப்போம்'னு சார்ட் ஒட்டியிருக்கு! நான் எதுவும் சொல்லல, பசங்ககிட்ட கேளுங்க, என்ன பண்ணலாம்னுன்னேன். அரை மணி நேரம் விவாதம். ஒரு கோஷ்டி புழுவுக்கு, ஒரு கோஷ்டி செடிக்கு, ஒரு பொண்ணு மட்டும் ஒரு கன்னைப் புழுவுக்கு விட்டுட்டு இன்னொண்ணை வலை போட்டு மூடிடலாம்னா. பெரியவங்க காடு, அணை, விவசாயம்னு மண்டையை உடைச்சுக்கற அதே பிரச்சனைதான் ஒரு தொட்டி அளவுல இருந்துச்சு. டீச்சர் அன்னிக்கு முடிவு சொல்லாம உக்காந்திருந்தார் பாருங்க, நான் எத்தனை கிளாஸ் எடுத்தும் வராத விஷயம் அது.

1977ல ஜார்ஜியாவோட டிபிலிசி நகரத்துல யுனெஸ்கோ, ஐநா சுற்றுச்சூழல் அமைப்போட சேர்ந்து நடத்தின மாநாட்டுல சூழல் கல்விக்கு அஞ்சு நோக்கம் வகுத்தாங்க: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. இவ்வளவு வருஷம் ஆகியும் நாம நடத்தறது பெரும்பாலும் முதல் ரெண்டோட நின்னுடுது, ஏன்னா அது ரெண்டையும்தான் உக்காந்த இடத்துலேருந்து நடத்த முடியும். அந்தப் புழு விவகாரத்துல அஞ்சும் இருந்துச்சு, யாரும் பிளான் பண்ணல.

இப்ப நடைமுறைச் சிக்கலுக்கு வர்றேன். நாப்பது பசங்களை வெளிய விட்டா ஓடிருவாங்கன்னு ஒரு புகார் வரும். ஓடத்தான் செய்வாங்க, வேலை குடுக்கலன்னா. அஞ்சஞ்சு பேரா எட்டு குரூப், ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு கயித்துச் சதுரம், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், அதுக்குள்ள எத்தனை வகைச் செடி, இல்லன்னா எத்தனை பூச்சி, இல்லன்னா எத்தனை குப்பைன்னு ஏதாவது ஒண்ணை எண்ணணும், பதினஞ்சு நிமிஷம், விசில் அடிச்சா திரும்பணும். கேள்வி ஒண்ணே ஒண்ணு இருக்கணும். நாலு கேள்வி உள்ள ஒர்க்‌ஷீட் குடுத்தீங்கன்னா பசங்க செடியைப் பாக்க மாட்டாங்க, பக்கத்துப் பையனோட பேப்பரைப் பாப்பாங்க. இதை டீச்சருங்களுக்கு வாயால சொன்னா ஏறாது, டிரெய்னிங்ல அவங்களையே குரூப்பா பிரிச்சு கயித்தைப் போட்டு உக்கார வைக்கணும். அப்புறம் ஒவ்வொருத்தரும் ஒரு கிளாஸ் நிஜப் பசங்களோட எடுக்கணும், இன்னொரு டீச்சர் பின்னாடி நின்னு பசங்க கேட்ட கேள்விகளை மட்டும் எழுதணும், டீச்சர் பேசினதை இல்ல. அந்தக் கேள்வி லிஸ்டை வச்சு அடுத்த கிளாஸைப் பிளான் பண்றதுதான் கடைசிப் பயிற்சி.

செடிப் பேர் தெரியலங்கறதும் ஒரு பெரிய பிரச்சனை இல்ல. முதல்ல பசங்களே பேர் வைக்கட்டும், 'ஒட்டுற செடி', 'நாறுற இலை'ன்னு. ஏன் அந்தப் பேர்னு சொல்ல வைங்க, அதுலயே அடையாளம் வந்துரும். அப்புறம் வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டு ஊர்ப்பேர் கொண்டு வரட்டும். அறிவியல் பேர் கடைசியில வந்தா போதும்.

இடம் இல்லைன்னு சொல்றவங்க சுவத்து வெடிப்பைப் பாருங்க. அதுல முளைச்சிருக்கிற கன்னு எப்படி அங்க வந்துச்சுன்னு கேட்டாலே ஒரு கிளாஸ் ஓடும். இருக்கிற மரத்து நிழல்லயும் பக்கத்துல வெறும் சிமென்ட் தரையிலயும் ஒரே தெர்மாமீட்டரை வச்சு மதியம் அளந்து பாத்தா இன்னொரு கிளாஸ். ஒரு கிளையோட இலைக்கொத்தை பாலிதீன் கவரால கட்டி வெயில்ல விட்டா ஒரு மணி நேரத்துல உள்ள நீர்த்துளி கோத்திருக்கும், ஏன் நிழல் குளிர்ச்சின்னு பாதி விளங்கிடும்.

ஆபத்து விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருக்கணும். அரளி, ஊமத்தை ரெண்டும் விஷம், எல்லா டீச்சருக்கும் பாத்த உடனே தெரிஞ்சிருக்கணும். கடையில வாங்குற விதை ரோஸ் கலரோ வேற சாயமோ பூசியிருந்தா மருந்து கலந்ததுன்னு அர்த்தம், பசங்க கையில குடுக்கக் கூடாது. மண்ணைத் தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவறது பாடத்துல சேர்ந்தது.

தோட்டம் எப்படிச் சாகுதுன்னும் சொல்லணும். ஒண்ணு லீவு. முள்ளங்கி, கீரை மாதிரி ஒரு மாசத்துல முடியறதைப் போட்டு, லீவுக்கு முன்னாடியே அறுத்துடற மாதிரி நாளை எண்ணிப் போடணும், மீதி இடத்துல மூடாக்கு (காய்ஞ்ச இலை, வைக்கோலால மண்ணை மூடறது) போட்டு விட்டுரணும். இன்னொண்ணு தண்டனை. லேட்டா வந்தவன் களை புடுங்குன்னு ஒரு தடவை சொன்னா போதும், அந்த வருஷத்துக்குத் தோட்டம் முடிஞ்சுது. மூணாவது, யாரோடதும் இல்லாத தோட்டம். கிண்டர்கார்டன்ங்கற பேரே 'குழந்தைகளோட தோட்டம்'னுதான், 1840ல ஃப்ரோபெல்ங்கற ஜெர்மன் கல்வியாளர் வச்சார், பேருக்கு மட்டும் தோட்டம் இல்ல, நிஜமாவே பாத்தி போட்டிருந்தார், ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமா ஒரு சின்னப் பாத்தி, சுத்தி எல்லாருக்கும் பொதுவா பெரிய பாத்தி. சொந்தப் பாத்தியில தப்பு பண்ணிக்கலாம், பொதுப் பாத்தியில பேசித்தான் பண்ணணும். இன்னிக்கும் இதை விட நல்ல ஏற்பாடு நான் பாக்கல. நாலாவது, வேற எதுக்காகவோ வச்ச தோட்டம். முதல் உலகப் போர் சமயத்துல அமெரிக்க அரசாங்கம் பசங்களை வச்சு 'பள்ளித் தோட்டப் படை'ன்னே ஒண்ணு ஆரம்பிச்சுது, உணவு விளைவிக்க. போர் முடிஞ்ச கொஞ்ச நாள்ல அதுவும் முடிஞ்சுபோச்சு. விளைச்சலுக்காகவோ போட்டோவுக்காகவோ வச்ச தோட்டத்துக்கு அந்தக் காரணம் போனதும் தண்ணி ஊத்த ஆள் இருக்காது.

அப்புறம், 'ஒரு மரம் இத்தனை பேருக்கு ஆக்சிஜன் குடுக்குது' மாதிரி போஸ்டர் கணக்கை டிரெய்னிங்ல யாராவது எடுத்தா நான் அங்கயே நிறுத்திடுவேன். எந்த மரம், எவ்வளவு பெருசு, ராத்திரி அதுவும் சுவாசிக்குதே அதைக் கழிச்சீங்களா? ராத்திரி மரத்தடியில படுத்தா மூச்சு முட்டிரும்ங்கறதும் அதே ரகம், மரம் விடற அளவு பக்கத்துல ஒரு ஆள் படுத்திருந்தா விடறதை விடப் பெருசா ஒண்ணும் பயமுறுத்தாது. டீச்சர் சொன்னா பசங்க அம்பது வருஷம் நம்புவாங்க, அதனால இதுல கறாரா இருக்கணும்.

கடைசியா, யாரை டிரெய்னிங்குக்குக் கூப்பிடறது. சயின்ஸ் டீச்சரை மட்டும் கூப்பிடாதீங்க, ஒரு ஸ்கூல்லேருந்து ரெண்டு பேராவது வரணும், ஒருத்தர் டிரான்ஸ்ஃபர் ஆனா தோட்டமும் டிரான்ஸ்ஃபர் ஆயிடும். அதுல ஒருத்தர் மொழிப்பாடமா இருந்தா இன்னும் நல்லது, பாத்ததை எழுத வைக்க அவங்களாலதான் முடியும். முதல் நாள் காலையிலயாவது ஹெட்மாஸ்டர் வந்து அந்த விறகுக்கட்டைக் கேள்விக்குப் பதில் சொல்லணும். தோட்டக்கலை ஆளைக் கூப்பிடுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா மூணாவது கிளாஸ்ல. அதுக்குள்ள டீச்சருங்ககிட்ட அழுகின விதையும் அதைப் பத்தின கேள்வியும் இருக்கும். அதுக்கு முன்னாடி வந்தார்னா நேரா உரம், பூச்சிமருந்துன்னு ஆரம்பிச்சிருவார், இவங்களும் நோட்டுல எழுதிக்குவாங்க.